அட்டைக்கு வராத படுகொலை

உண்மையை மறைக்க விரும்பும் இதழ் பொய்தான் எழுதவேண்டும் என்பதில்லை. எதை முன்னே வைப்பது, எதைப் பின்னே தள்ளுவது என்னும் வரிசையாலும் அதனை மறைத்துவிடலாம். சிலி நாட்டிற் பிறந்து நியூயார்க்கில் வாழும் கலைஞர் ஆல்ஃபிரடோ ஜார் ‘நியூஸ்வீக்’ வார இதழின் அட்டைகளைக் கொண்டு அமைத்த படைப்பு இதற்குச் சான்றாகும்.

1994 ஏப்ரல் 6ஆம் நாள் ருவாண்டா அதிபர் சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதனையடுத்து ஏறத்தாழ 100 நாள்களில் 8 இலட்சம் பேர் வரை கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் துட்சி இனத்தவர். அந்நாள்களில் வெளிவந்த 17 அட்டைகளை ஜார் வரிசையாக மாட்டினார். ஒவ்வொன்றின் கீழும் அவ்வாரம் ருவாண்டாவில் நிகழ்ந்ததைச் சில வரிகளில் எழுதினார். மேலே பாடகர் கர்ட் கோபேனின் தற்கொலை, ஜாக்குலின் ஒனாசிஸின் மறைவு, ஓ. ஜே. சிம்ப்சனின் கொலைவழக்கு, கீழே மாண்டோரின் கணக்கு. அமைதிப்படையை 270 பேராகக் குறைக்க ஐ.நா. பாதுகாப்பு மன்றம் ஏப்ரல் 21ஆம் நாள் முடிவு செய்ததும் கீழேதான் உள்ளது. ருவாண்டா அட்டையேறியது ஆகஸ்ட் 1ஆம் நாளிட்ட இதழிலேயாம்.

உள்பக்கங்களைப் பாராமல் அட்டையை மட்டும் கொண்டு தீர்ப்புரைப்பது முறையா எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும், இவ்வாரம் உலகிற் பெரிது எது என்பதை இதழ் தானே அறிவிக்கும் இடம் அட்டையன்றோ? இதழின் வாக்குமூலத்தைக் கொண்டே அதனை விசாரிக்கிறார் ஜார்.

படைப்பின் கூர்மை பதினேழாம் அட்டையில் உள்ளது. அது வெளிவருமுன் இனப்படுகொலை முடிந்துவிட்டது. உலகின் கண்ணுக்கு அப்போது தெரிந்தது, ஸயர் நாட்டின் கோமா முகாம்களில் காலராவால் மடிந்த அகதிகளின் துயரம். அத்துயரம் மெய்யே. ஆனால், கொலைபுரிந்து தப்பியோரும் அக்கூட்டத்திற் கலந்திருந்தனர். காலந்தாழ்ந்து வந்ததால் செய்தியின் பொருளே மாறிற்று. கொலையின் கதை நோயின் கதையாயிற்று.

வாசகனின் பொறுப்பைப் பற்றி இப்படைப்பு ஒரு சொல்லும் எழுதவில்லை. இதனைக் குறையெனக் கொள்வாரும் உளர். எனினும், பார்வையாளன் மேலுள்ள முகங்களைக் கண்டவுடனே அறிந்துகொள்கிறான்; கீழுள்ள எண்களையோ எழுத்துக்கூட்டிப் படிக்கவேண்டியவனாகிறான். அவ்வேறுபாட்டை அவன் உணரும்போது, குற்றக்கூண்டில் இதழ் மட்டும் தனித்து நிற்கவில்லை என்பதும் விளங்கிவிடுகிறது.