முற்றுகைக்குள் பிறந்த நம்பிக்கை

செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னை மரியாவின் பிறப்பு விழாத் திருப்பலியில், வேளாங்கண்ணியிலும் நம் பங்கு ஆலயங்களிலும் முதல் வாசகமாக நாம் பெரும்பாலும் கேட்பது இறைவாக்கினர் மீக்கா நூலின் ஐந்தாம் அதிகாரப் பகுதி. திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறன்றும், மூன்றாம் ஆண்டில், இதுவே வாசிக்கப்படுகிறது. சிற்றூராகிய பெத்லகேமிலிருந்து ஆட்சியாளர் ஒருவர் தோன்றுவார் என்று தொடங்கி, அவரே அமைதியாய் இருப்பார் என்பதோடு அது நின்றுவிடுகிறது. விவிலியத்தைத் திறந்து பார்த்தாலோ, அதற்கு முந்தைய வசனத்தில் நகர் முற்றுகையிடப்பட்டிருக்கிறது. இஸ்ரயேலின் ஆட்சியாளர் கன்னத்தில் கோலால் அடிபடுகிறார். அமைதியைப் பற்றிய சொல்லை அடுத்து அசீரியர் நாட்டுக்குள் நுழைகின்றனர். இருபுறமும் போர்; நடுவிலுள்ளது மட்டுமே நம் செவிக்கு எட்டுகிறது. வழிபாட்டு வாசகம் சுருக்கமாகத்தான் இருக்க முடியும். அதில் குறை காண்பதற்கில்லை. வீட்டிலாவது நாம் முழுமையாக வாசிக்க வேண்டாமா?

மீக்கா தலைநகரத்தவர் அல்லர். அவருடைய மோரேசேத்து, யூதாவின் அரண்சூழ் நகரமான இலாக்கிசுக்கு அருகில் இருந்தது. கி.மு. 701-இல் அசீரிய மன்னன் சனகெரிபு படையெடுத்து, யூதாவின் 46 அரண்சூழ் நகர்களைக் கைப்பற்றியதாகத் தன் கல்வெட்டில் பெருமை பேசுகிறான். முதல் அதிகாரத்தில் மீக்கா ஊர் ஊராகப் பெயர் சொல்லி அழைத்து, அந்தந்தப் பெயரின் ஒலியிலிருந்தே அதன் அழிவைச் சொல்கிறார். புழுதி என்னும் பொருள் ஒலிக்கும் ஊர் புழுதியில் புரள்கிறது. மொழிபெயர்ப்பில் இந்தச் சிலேடை மறைந்துவிடுவது பேரிழப்பு. காளமேகப் புலவரிடம் சிலேடை நகைக்க வைக்கிறது. இங்கோ அது ஒப்பாரியாகிறது.

ஆயினும் மீக்காவின் கடுஞ்சினம் அசீரியர்மேல் அன்று, தம் மக்களின் தலைவர்கள்மேல் எழுகிறது. மூன்றாம் அதிகாரத்தில் அவர்கள் மக்களின் தோலை உரிக்கிறார்கள். சதையைக் கொப்பரையில் இடுகிறார்கள். இது வெறும் உருவகம் என்று கடந்துவிட முடியாது. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள இலாக்கிசு முற்றுகைச் சிற்பங்களில் அசீரியர் கைதிகளைத் தோலுரிப்பதை இன்றும் காணலாம். பகைவன் கைதிக்குச் செய்யும் கொடுமையைத் தலைவன் தன் குடிமக்களுக்குச் செய்கிறான் என்கிறார் மீக்கா. நீதிபதிக்குக் கையூட்டு, குருவுக்குக் கூலி, இறைவாக்கினருக்குப் பணம். வாய்க்கு உணவிட்டால் அமைதி என்பார்கள்; இடாவிட்டால் போர் என்பார்கள். இத்தனைக்குப் பின்னும் ஆண்டவர் தங்களோடு இருப்பதாகக் கூறிக்கொள்ளும் அவர்களது துணிவுதான் நம்மை அதிகம் கலங்கச் செய்கிறது.

அந்த அதிகாரம், சீயோன் வயலைப்போல் உழப்படும் என்று முடிகிறது. அடுத்த சில வரிகளிலேயே வாள்கள் கலப்பைக் கொழுக்களாகின்றன. இந்த நம்பிக்கைப் பகுதி பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்பார் அறிஞர் பலர். இருக்கட்டும். சேர்த்தவர், அழிவின் உழவுக்குப் பக்கத்திலேயே வாழ்வின் உழவை வைத்தார். அவர் மீக்காவை நன்கு கற்றவர். எசாயா நூலிலும் இதே காட்சி உண்டு. ஆனால் ஒவ்வொருவரும் தம் திராட்சைக் கொடியின் கீழும் அத்திமரத்தின் கீழும் அச்சமின்றி அமர்வர் என்பது அங்கே இல்லை. நிலம் பறிகொடுத்த சிற்றூரார்க்கு இதைவிடப் பெரிய அமைதி எது?

ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் எருசலேமில் எரேமியாவைக் கொல்ல முற்பட்டபோது, நாட்டின் பெரியவர்கள் சிலர் எழுந்து மீக்காவின் அந்தக் கடுஞ்சொல்லை நினைவுபடுத்தினர். எசேக்கியா அரசர் அன்று மீக்காவைக் கொல்லவில்லை, ஆண்டவருக்கு அஞ்சினார் என்றனர். எரேமியா பிழைத்தார். அதே அதிகாரத்தில் உரியா என்னும் மற்றோர் இறைவாக்கினரும் வருகிறார். அவரும் அதே செய்தியைத்தான் சொன்னார். எகிப்துக்குத் தப்பியோடியவரைப் பிடித்து வந்து, யோயாக்கிம் அரசன் வாளால் வெட்டிக் கொன்றான். உடல் பொதுமக்களின் கல்லறையில் எறியப்பட்டது. அவருக்காகப் பேச எவரும் எழுந்ததாக நூலில் இல்லை.