உடும்புப்பிடி கடையில் கிடைக்காது

சிட்னி ஒலிம்பிக், 2000 செப்டம்பர் 27. கிரேக்க-ரோமன் மல்யுத்தம், 130 கிலோ பிரிவு இறுதிப்போட்டி. ஒரு பக்கம் ரஷ்யாவின் அலெக்சாந்தர் கரேலின்: 1988, 1992, 1996 என வரிசையாக மூன்று ஒலிம்பிக் தங்கம், சர்வதேசக் களத்தில் 13 ஆண்டுகளாகத் தோல்வியே தெரியாத ஆள். எதிரே அமெரிக்காவின் ரூலன் கார்ட்னர். வயோமிங் மாகாணத்தில் ஆஃப்டன் என்ற சிற்றூர்ப் பால்பண்ணையில் வளர்ந்தவர்.

முதல் பாதியில் யாருக்கும் புள்ளி இல்லை. அன்றைய விதிப்படி, அப்படியானால் இரண்டாம் பாதியை இருவரும் மார்போடு மார்பு அணைத்து, கைகளைப் பூட்டிக்கொண்டுதான் தொடங்க வேண்டும். முதலில் எவர் கை பிரிகிறதோ, புள்ளி அடுத்தவருக்கு. கரேலினின் கை பிரிந்தது. கண் இமைக்கும் நேரத்துக்குத்தான். நடுவர்கள் காணொளியைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டுக் கார்ட்னருக்கு ஒரு புள்ளி கொடுத்தார்கள். கூடுதல் நேரம் வரை போயும் அந்த 1-0 மாறவில்லை. கடைசிச் சில நொடிகள் மிச்சமிருக்கும்போதே கரேலின் போராடுவதை நிறுத்திவிட்டார்.

குப்புறப் படுத்துத் தரையோடு ஒட்டிக்கொள்ளும் 130 கிலோ ஆட்களை இடுப்பில் கைபோட்டுத் தூக்கித் தலைக்குப் பின்னால் எறிந்தவர் கரேலின். அவருக்கு விரலில் வலுவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிறகு ஏன் கை பிரிந்தது? 'பிடி வலு' என்ற பெயரில் நம் பையன்களுக்கும் பெண்களுக்கும் இன்று சொல்லித்தரப்படுவதில் பாதி, இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறது.

விளையாட்டுச் சாமான் கடைகளில் ஸ்பிரிங் வைத்த ஹேண்ட் கிரிப்பர் தொங்கும். மகனை மல்யுத்தத்தில் சேர்த்த அப்பா முதலில் வாங்கித் தருவது பெரும்பாலும் அதைத்தான். பையனும் டிவி பார்த்துக்கொண்டே அதை நூறு தடவை அமுக்குவான். கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் மல்யுத்தத்தில் யாரும் யாரையும் நூறு தடவை அமுக்குவதில்லை. ஒரு தடவை பிடிக்கிறார்கள். எதிராளி பிய்த்துக்கொள்ளப் பார்க்கும் அந்தப் பத்துப் பதினைந்து நொடியும் விடாமல் இருக்கிறார்கள். அமுக்கும் வலு ஒன்று, விடாத வலு வேறொன்று. இரண்டாவதுக்குத்தான் தமிழில் உடும்புப்பிடி என்று பேர். உடும்பு சுவரை நசுக்குவதில்லை, நகத்தைப் பதித்துவிட்டுச் சும்மா இருக்கிறது.

இதைப் படிக்கும்போதே ஒன்று செய்து பாருங்கள். மணிக்கட்டை உள்பக்கமாக முழுக்க மடக்கிக்கொண்டு விரல்களை இறுக்கி முஷ்டி பிடியுங்கள். முடியாது; விரல்கள் பாதியில் நின்றுவிடும். இப்போது மணிக்கட்டைச் சற்றே பின்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். கை இரும்பாகிறது. காரணம் எளிது. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் கயிறுபோல மணிக்கட்டைத் தாண்டி விரலுக்கு வருகின்றன. மணிக்கட்டு உள்ளே மடங்கினால் கயிறு தொய்ந்துவிடுகிறது. தேர்ந்த மல்லன் எதிராளியின் விரலோடு மல்லுக்கு நிற்பதில்லை. மணிக்கட்டை மடக்கிவிடுகிறான், விரல் தானாகத் திறக்கிறது.

அதேபோல முழங்கை. உடம்போடு ஒட்டியிருக்கும் வரை முதுகும் தோளும் பிடிக்குப் பின்னால் நிற்கும். முழங்கை விலாவை விட்டு விலகினால் முன்கை மட்டும் அநாதையாக நின்று போராடும். கரேலினும் கார்ட்னரும் அன்று மார்போடு மார்பு அணைத்துக் கைகளைப் பூட்டியிருந்தார்கள். எதிரே இருப்பவர் உடம்பை ஒரு அங்குலம் நகர்த்தினாலும் பூட்டு இழுபடும் நிலை அது. வலுவை அல்ல, நிற்கும் கோணத்தைத்தான் அன்று கரேலின் கோட்டைவிட்டார் என்பது என் கணிப்பு.

பூட்டு போடும் விதத்துக்கே ஒரு வரலாறு உண்டு. 1972 மியூனிக்கில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வென்ற அமெரிக்கர் டான் கேபிளின் பெயரால் 'கேபிள் பிடி' என்று ஒன்று இருக்கிறது. ஒரு உள்ளங்கையை மேல்நோக்கியும் மற்றதைக் கீழ்நோக்கியும் வைத்துக் குறுக்காகச் சேர்க்க வேண்டும். கட்டைவிரல்கள் பிரிந்து நிற்காமல் சுட்டுவிரலோடு ஒட்டிக்கொள்ளும். எந்தப் பிடியும் உடைவது கட்டைவிரல் இருக்கும் பக்கம்தான். வீட்டுக்கு வாசல் மாதிரி அது. கேபிள் பிடியில் வாசலே இல்லை. புதிதாக வரும் பிள்ளைகள் இயல்பாகச் செய்வது விரல்களைக் கோத்துக்கொள்வது. பிரார்த்திக்கும்போது சரி, கோதாவில் வேண்டாம். பக்கவாட்டில் ஒரு அழுத்தம் விழுந்தால் விரல் நோகும், அவசரத்துக்குக் கையைப் பிரிக்கவும் முடியாது.

இந்திய மல்யுத்தத்துக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. கோலாப்பூர் தாலீம்கள், ஹரியானா அகாடாக்கள் என்ற பயிற்சிக்கூடங்களில் மண்ணில்தான் நம் மரபு வளர்ந்தது. மோரும் எண்ணெயும் மஞ்சளும் கலந்து பதப்படுத்திய மண் அது. குஸ்தியில் கை வழுக்கினால் ஒரு பிடி மண்ணை எடுத்து எதிராளியின் முதுகில் பூசிவிடலாம். அவன் லங்கோட்டைப் பற்றி இழுக்கலாம். மெத்தை விரிப்பில் இவை இரண்டும் கிடையாது. உடையைப் பிடித்தால் தவறு. வியர்வையில் நனைந்த தோல்தான் மிச்சம். காயமும் மருத்துவர் சொல்லும் இல்லாமல் மணிக்கட்டில் பட்டை சுற்றிக்கொள்ளவும் விதி விடாது. மண்ணில் வளர்ந்த கே.டி. ஜாதவ் 1948-இல் லண்டனுக்குப் போய் ஆறாவது இடத்தோடு திரும்பினார். நான்கு ஆண்டு கழித்து ஹெல்சின்கியில் வெண்கலம் வாங்கினார். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது. மெத்தை அவரிடம் கேட்டது வேறொரு கையை.

அதற்காக அகாடாவை ஓரங்கட்டிவிட வேண்டியதில்லை. அங்கே பிடிக்கென்று தனி வகுப்பு இருந்ததில்லை, எல்லாமே பிடிப் பயிற்சியாகத்தான் இருந்தது. காலையில் பயிற்சிக்கு முன் மம்மட்டியால் களம் முழுக்க வெட்டிக் கிளற வேண்டும். அரை மணி நேரம் ஈரமண்ணை வெட்டியவனுக்கு முன்கை எப்படி எரியும் என்று வயலில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். பிறகு கயிறு ஏற்றம், கதாயுதம் சுழற்றல், நம் ஊர்க் கர்லாக்கட்டை. கர்லாவின் அருமை அது எங்கும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதில்தான். ஒவ்வொரு சுற்றிலும் கட்டை கையைவிட்டுப் பறக்கப் பார்க்கும், மணிக்கட்டு எந்தக் கோணத்தில் இருந்தாலும் விரல்கள் அதைப் பிடித்தாக வேண்டும். ஸ்பிரிங்கில் இது கிடையாது. விழுப்புரத்தில் கயிற்று மல்லர்கம்பம் ஆடும் பிள்ளைகள் கயிற்றைப் பற்றும் அழகைப் பார்த்தால், மல்யுத்தப் பயிற்சியாளர்கள் யாராவது அங்கே ஒரு வாரம் போய் உட்காரலாமே என்று எனக்குத் தோன்றும்.

இங்கேதான் வயதைப் பற்றிப் பேச வேண்டும். பெரியவர்களுக்குச் சரியானது பதின்மூன்று வயதுக்குச் சரியில்லை. எலும்பு நீளும் இடத்தில் இருக்கும் வளர்ச்சித் தட்டு அந்த வயதில் இன்னும் மூடியிருக்காது, மணிக்கட்டிலும் விரல் எலும்பிலும் அது குருத்தெலும்பாகவே இருக்கும். பாறையேற்றம் பழகும் பதின்வயதினர் விரல்நுனியில் தொங்கித் தொங்கி, அந்தத் தட்டில் விரிசல் கண்டு மருத்துவர்களிடம் வருவது நன்றாகப் பதிவான சங்கதி. ஆகவே சின்னப் பிள்ளைகளுக்கு விரல்நுனித் தொங்கல் வேண்டாம், எடையைக் கட்டிக்கொண்டு தொங்குவதும் வேண்டாம். முழு உள்ளங்கையும் பதியும்படி தடித்த கயிறு, கம்பியில் போட்ட துண்டு, மணல் மூட்டை. கொஞ்சம் எளிதாகத் தெரியும். தெரியட்டும்.

இன்னொரு அவசரம் அளந்து பார்ப்பது. பிடியை அளக்கும் டைனமோமீட்டரைக் கையில் கொடுத்து எண்ணைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறார்கள். பருவம் எய்தும் காலத்தில் பையன்களின் பிடி வலு தடாலென்று ஏறும். ஒருவனுக்கு அது பன்னிரண்டில் வரும், பக்கத்தில் நிற்பவனுக்குப் பதினைந்தில். இருவரையும் ஒரே பலகையில் எழுதினால் அளப்பது பிறவிக் கடிகாரத்தை, உழைப்பை அல்ல. அவரவர் பழைய எண்ணோடு ஒப்பிட்டால் போதும்.

சரி, என்ன செய்யலாம்? வாரத்தில் இரண்டு நாள், வழக்கமான பயிற்சி முடிந்தபின் பத்து நிமிடம். முன்னால் செய்தால் களைத்த கையோடு உத்தி பழக நேரிடும், தப்பான பழக்கம் ஒட்டிக்கொள்ளும். 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆட்டம் இரண்டு நிமிடம் வீதம் இரண்டு பாதி, நடுவில் அரை நிமிட ஓய்வு. பயிற்சியும் அந்தக் கணக்கில் இருக்கட்டும். கம்பியில் போட்ட துண்டைப் பிடித்துப் பத்து நொடி தொங்கல், பத்து நொடி ஓய்வு, இரண்டு நிமிடம் வரை. அரை நிமிடம் உட்கார்ந்து கையை உதறிவிட்டு மறுபடி. இறுக்கிப் பிடித்திருக்கும் தசைக்குள் ரத்தம் சரியாகப் போகாது. அதனால்தான் அந்த எரிச்சல். கையைத் தளர்த்தக் கிடைக்கும் ஓரிரு நொடியில் தளர்த்தத் தெரிந்தவனுக்குக் கடைசி நிமிடம் மிச்சமிருக்கும். ஆட்டம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிப் பிடிப்பவன் இரண்டாம் பாதியில் ஷூ நாடாவைக்கூட அவிழ்க்க முடியாமல் நிற்பான்.

இதைவிட எனக்கு நம்பிக்கை உள்ளது ஜோடிப் பயிற்சி. ஒருவன் தன் இரு கையாலும் மற்றவனின் ஒரு மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். இருபது நொடிக்குள் அவன் உருவிக்கொள்ள வேண்டும். மாற்றி மாற்றி. செலவில்லை, காயம் அபூர்வம், பிள்ளைகளுக்கு விளையாட்டாகவும் இருக்கும். பிடிப்பதையும் உடைப்பதையும் ஒரே நேரத்தில் கற்றுத்தரும் கருவி வேறு எந்தக் கடையிலும் இல்லை. முடிவில் ஒரு வாளி அரிசிக்குள் கையை விட்டு விரல்களை விரித்து விரித்து எடுத்தால் நல்லது. மடக்கும் தசையை மட்டுமே வளர்த்து விரிக்கும் தசையை மறந்தவர்களுக்கு முழங்கை வலி சீக்கிரம் வரும்.

பிடி என்பது விரல் மட்டும் அல்ல என்பதற்கு ஓர் உதாரணம். டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஆகஸ்ட் 4 அன்று நடந்த 57 கிலோ அரையிறுதியை நம்மவர்கள் பலர் பார்த்திருப்பார்கள். கசகஸ்தானின் நூரிஸ்லாம் சனாயேவ், ரவி தஹியாவின் கால்களைப் பூட்டி உருட்டி உருட்டி 9-2 என்று முன்னே போய்விட்டார். நம் பயிற்சியாளர்கள் 'ஃபித்தேலே' என்று சொல்லும் அந்தப் பூட்டும் பிடியின் வேலைதான். பத்துப் புள்ளி வித்தியாசம் வந்திருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். வரவில்லை. பிறகு ரவி அவரைத் தரையில் சாய்த்து, இரு கைகளாலும் அணைத்துத் தோள்களை மெத்தையில் பதிக்கப் போனபோது சனாயேவ் அவருடைய கையைக் கடித்தார். பல் தடம் பதிந்த அந்தப் படம் மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

அந்தப் படத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கடி விழுந்தது விரலிலோ மணிக்கட்டிலோ அல்ல, மேற்கையில். ரவி பிடித்திருந்தது விரல்களால் மட்டும் அல்ல. முழங்கை, மேற்கை, மார்பு எல்லாம் சேர்ந்த பூட்டு அது. எதிராளியின் வாய்க்கு எட்டும் தூரத்துக்கு மேற்கை வந்திருக்கிறது என்றால், இடைவெளி அவ்வளவு குறைவாக இருந்திருக்கிறது. சனாயேவின் தோள்கள் மெத்தையைத் தொட்டன என்று நடுவர் தட்டும்வரை அந்த இடைவெளி கூடவில்லை.