வாக்கில்லாத நாற்காலிகள்

கேரளத்துக்கு மேலவை கிடையாது. 1956-ல் மாநிலம் உருவானதிலிருந்து ஒரே சபைதான். மேலவைச் சீர்திருத்தம் பேசக் கொச்சியின் மட்டாஞ்சேரி பொருந்தாத இடம் என்று தோன்றலாம். ஆனால் மக்கள் தேர்ந்தெடுக்காத அவை மாடியில்தான் இருக்கவேண்டும் என்றில்லை. இங்கே அது தரைத்தளத்தில், வார்டு அளவில் இருக்கிறது.

நியமனத்துக்குச் சேரவேண்டிய மதிப்பை முதலில் கொடுத்துவிடலாம். 1925-ல் அமைந்த கொச்சி சமஸ்தானச் சட்டசபையில் உறுப்பினர்கள் 45 பேர்; அவர்களில் 30 பேர் தேர்தலில் வென்றவர்கள். ஓட்டுரிமையோ சொத்தும் வரியும் பார்த்துத் தரப்பட்டது. ஒடுக்கப்பட்டோர் சார்பில் பண்டிட் கருப்பனும், பெண்கள் சார்பில் தோட்டக்காட்டு மாதவியம்மாவும் அந்தச் சபைக்குள் வந்தது நியமனத்தால்தான். கூட்டம் போட நிலத்தில் இடமில்லாமல், 1913-ல் புலையர்கள் கொச்சிக் காயலில் படகுகளைப் பிணைத்துக் கூடிய சமஸ்தானம் அது. முளவுகாட்டில் பிறந்த தாட்சாயணி வேலாயுதன் 1945-ல் அதே வழியில் சபைக்கு வந்தார். மறு ஆண்டே அரசியல் நிர்ணய சபைக்குப் போனார். அங்கே இருந்த ஒரே தலித் பெண் அவர்தான்.

நியமனத்துக்கு இதைவிட வலுவான சாட்சி எனக்குத் தெரியாது. ஆனால் ஏழே ஆண்டுகள் கழித்து, 1952-ல், சென்னையில் அதே வாசல் இன்னொருவருக்குத் திறந்தது. காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்காத நிலையில் ஆளுநர் ஸ்ரீபிரகாசா ராஜாஜியை மேலவைக்கு நியமித்தார்; தேர்தலில் நிற்காமலே அவர் முதலமைச்சரானார். தாட்சாயணிக்கு வேறு வழியில்லை. ராஜாஜிக்கு வழிகள் இருந்தன. இந்த வேறுபாடு நியமிப்பவரின் மனசாட்சியில் மட்டும்தான் இருந்தது, சட்டத்தில் இல்லை. 1986-ல் தமிழ்நாடு மேலவையைக் கலைத்தது. அதற்காக நான் வருந்தியதில்லை.

கொச்சியின் நியமனங்களுக்கு நியாயம் தந்தது ஓட்டுரிமை குறுகியிருந்த நிலைதான். வயதுவந்த எல்லோருக்கும் வாக்கு கிடைத்ததும் அந்த நியாயம் தீர்ந்திருக்க வேண்டும். விட்டுப்போனவர்களை உள்ளே கொண்டுவர இடஒதுக்கீடு என்ற நல்ல கருவியும் வந்துவிட்டது. 1925-ல் ஒரு பெண்ணை நியமிக்க வேண்டியிருந்த ஊரில், 2010 உள்ளாட்சித் தேர்தலிலிருந்து பாதி இடங்கள் பெண்களுக்கு. அவர்கள் ஓட்டுக் கேட்டு வருகிறார்கள், தோற்கவும் செய்கிறார்கள். யாருக்கும் நன்றிக்கடன் படாமல் பேச அந்தத் தோல்வி பயமே அவர்களுக்கு உரிமை தருகிறது.

அதன் பிறகும் நியமனம் போகவில்லை, இடம் மாறிக்கொண்டது. 1967 வரை மட்டாஞ்சேரி தனி நகராட்சி. அந்த ஆண்டு ஃபோர்ட் கொச்சி, எர்ணாகுளம் நகராட்சிகளோடு இணைந்து மாநகராட்சியில் கரைந்தது. இதன் விளைவைக் கிராமத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கேரளக் கிராமப் பஞ்சாயத்தில் ஒவ்வொரு வாக்காளரும் கிராமசபை உறுப்பினர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைக் கூட்டத் தவறிக்கொண்டே இருந்தால் வார்டு உறுப்பினரின் பதவியே போகும். ஆனால் கொச்சிபோல ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு 1994-ன் நகராட்சிச் சட்டம் வார்டு சபை தரவில்லை, வார்டு கமிட்டிதான் தந்தது. குடியிருப்போர் சங்கம், அயல்கூட்டம் எனப்படும் அண்டை வீட்டார் குழு, கட்சி, தொழிற்சங்கம், நிறுவனங்கள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் கூடும் அவை அது. பஜார் ரோட்டுக் கிடங்குகளில் மூட்டை தூக்குபவர் எந்தச் சங்கத்திலும் இல்லையென்றால், சொந்த வார்டில் அவர் பார்வையாளர். ஏதோ ஒரு கிராமத்துக்குக் குடிபெயர்ந்தால் அவருக்கு உரிமை கூடுகிறது! இதைவிட விசித்திரமான நகர நாகரிகம் உண்டா?

நியமன அமைப்புகள் வேலையே செய்வதில்லை என்று சொல்ல முடியாது. ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்ற இடத்தில் தமிழ் வண்ணார்கள் துணி வெளுக்கும் தோபிகானாவைக் கட்டிக்கொடுத்தது, அரசே தலைவரை நியமிக்கும் விசால கொச்சி வளர்ச்சி ஆணையம். 2016-ல் தொடங்கிய கொச்சி ஸ்மார்ட் மிஷன் நிறுவனமும் ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி பகுதியில் பணம் செலவழித்தது. வேலை நடந்தது என்பதல்ல என் புகார். அது நின்றுபோனால் யாரை வீட்டுக்கு அனுப்புவது? கவுன்சிலரைத் தோற்கடிக்கலாம், நிறுவனத்தின் இயக்குநர் குழுவை முடியாது. வாக்குப் பெறாமல் வந்தவர்கள் ஆலோசனை சொல்லட்டும்; பணத்தின் மீது முடிவெடுப்பது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் இருக்கட்டும்.

நகரத்திலும் எல்லா வாக்காளரும் கூடும் வார்டு சபை வேண்டும் என்றால் உடனே ஒரு மறுப்பு வரும், அதில் நியாயமும் இருக்கிறது. கொச்சி மாநகராட்சியில் சுமார் ஆறு லட்சம் பேர், 76 வார்டுகள் என்று வைத்தால், ஒன்றுக்குச் சுமார் எட்டாயிரம் பேர். கிராமசபைபோலப் பத்தில் ஒரு பங்கு வாக்காளர்கள் வந்தாலே ஐந்நூறு, அறுநூறு பேர். மட்டாஞ்சேரி நெரிசலில் எந்த மண்டபத்தில் உட்கார வைப்பது? ஒரே மண்டபத்தில் உட்கார வைக்கத்தான் வேண்டுமா என்பது என் கேள்வி. வாக்குச்சாவடி அளவில் சிறு சபைகள் போதும். அந்தந்தத் தெருவின் பள்ளிக்கூடமும் மதரசாவும் அதற்குத் தாங்கும். வாக்காளர் பட்டியலும் ஏற்கெனவே சாவடிவாரியாகத்தான் அச்சாகிறது.