தடையும் திறனாய்வும்

2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ திரைப்படத்திற்குத் தமிழகத்தின் மாவட்ட ஆட்சியர்கள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவின்கீழ்த் தடை விதித்தனர். அன்று விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலைப்பகுதியும் அத்தடைக்கு உட்பட்டன. சில காட்சிகளில் ஒலி நீக்கப்பெற்றுப் பிப்ரவரி 7இல் படம் வெளியானது. அத்துடன் விவாதமும் ஓய்ந்தது, ஓய்ந்திருக்கலாகாது.

2024 வரை நடைமுறையிலிருந்த அந்த 144ஆம் பிரிவு பொது அமைதி குறித்ததாயிருந்தது. ஒரு படைப்பு நீதியானதா என்பதை அது தீர்த்ததில்லை. போராட்ட அச்சுறுத்தலுக்காகக் கருத்துரிமையை ஒடுக்கலாகாது என்று ‘ஒரே ஒரு கிராமத்திலே’ பட வழக்கில் உச்சநீதிமன்றம் 1989இலேயே கூறிற்று. சட்டத்தின் வினா இவ்வளவே.

அறத்தின் வினா வேறு. தொழுகையையும் ஓதலையும் வன்முறையோடு அடுத்தடுத்து வைக்கும் காட்சியமைப்பு, வணக்கத்தையே ஐயத்திற்குரியதாக்குகிறது. நாயகனும் முஸ்லிம்தானே என்பர். ஆனால், அவனுடைய நன்மை உளவுத்துறைப் பணியால் அன்றோ மெய்ப்பிக்கப்படுகிறது? சாதாரண முஸ்லிம் அச்சான்றுக்கு எங்கே போவான்?

இதனைப் படம் பார்த்தவரே எடுத்துரைக்க இயலும். ஒரு பொருளின்மீது வழங்கும் தீர்ப்பு, அதனை அறிவதன் கிளையே என்பது உஸூல் அறிஞர்தம் விதி. தடையோ அவ்வறிதலை மறித்தது. நம் நியாயமான மனக்குறையைச் சட்டம் ஒழுங்குச் சிக்கலாகச் சுருக்கியது. திரைப்படத்திற்கு மறுமொழி திறனாய்வே. அதனை எழுதும் கடமை கற்றோருடையது.