பூந்திக்கொட்டை நுரை

சோப்புத்தூள் தீர்ந்துவிட்டதா? நாட்டு மருந்துக் கடையில் பூந்திக்கொட்டை கேளுங்கள். கறுத்த விதையைத் தட்டி எடுத்துவிட்டு, தோலை மட்டும் இரவே வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். காலையில் கசக்கினால் தோல் பிசுபிசுத்து, தேன் நிறத் தண்ணீரில் வெள்ளை நுரை பொங்கும். தோலில் இருக்கும் சபோனின்தான் எண்ணெயையும் அழுக்கையும் பிரிக்கிறது. சலவைத்தூளின் காரம் பட்டு இழையைக் கெடுக்கும், இது அப்படியில்லை. பட்டுப்புடவைக்கும் நகைக்கும் பாட்டிமார் இதையே நம்பியது எவ்வளவு சரி! வெள்ளை வேட்டிக்கு மட்டும் வேண்டாம், பழுப்பேறலாம். தண்ணீரை வடிகட்டியே ஊற்றுங்கள். தோல் துணுக்கு சரிகையில் சிக்கினால் எடுப்பது பெரும்பாடு. கண்ணில் பட்டால் எரியும். செயற்கை மணம் இல்லாமல் நிழலில் உலர்ந்த பட்டின் வாசமே எனக்குப் பிடிக்கும். பிழிந்த தோலைக் கொட்டிவிடாதீர்கள், இன்னொரு தடவை ஊறவைத்தால் அடுப்படித் துணிக்கு ஆகும்.