மூப்பறியாத மகாராணி

1901 ஜனவரியில் விக்டோரியா மகாராணி காலமானபோது அவருக்கு வயது 81. அந்த ஆண்டைத் தாங்கி பம்பாய் நாணயச் சாலையில் வெளிவந்த வெள்ளி ரூபாயிலோ நடுவயதைத் தாண்டாத முகம். 1862-இல் புழக்கத்துக்கு வந்த உருவம் அது: தலையில் கிரீடம், பூவேலை நிறைந்த உடை, தளராத தாடை. 1877 முதல் ‘அரசி’ என்ற பட்டம் ‘பேரரசி’ என உயர்ந்தது. முகத்துக்கு மட்டும் வயது ஏறவில்லை.

இங்கிலாந்து நாணயங்களில் அதே அரசி முறையாக மூப்படைந்தார். 1887 பொன்விழா நாணயத்துக்கு முகம் வடித்தவர் ஜோசப் எட்கர் போம். மும்பையின் பழைய காலா கோடா குதிரைச் சிலையும் அவர் கைவேலையே. உச்சந்தலையில் ஒட்டிக்கொண்டிருந்த சிறு கிரீடம் கேலிக்கு உள்ளாகவே, 1893-இல் தாமஸ் பிராக்கின் வடிவம் வந்தது: கன்னம் தளர்ந்த, முக்காடிட்ட கைம்பெண். 1897 வைர விழாவின் அதிகாரப்பூர்வப் படமும் 1893-இல் எடுத்த புகைப்படம்தான். அதில் தம் திருமண லேஸ் முக்காட்டையே அணிந்திருக்கிறார். ஒரே துணி மணப்பெண்ணையும் விதவையையும் நாட்டின் தாயையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. அங்கே முதுமை மறைக்க வேண்டிய குறையல்ல, பாசத்தைத் திரட்டும் மூலதனம்.

இந்தியாவில் அந்த மூலதனம் தேவைப்படவில்லை. அரசி இந்திய மண்ணை மிதித்ததே இல்லை. நேரில் காணாதவரின் முகம் மாறினால் பாசம் கூடாது. காசின் மீது சந்தேகம்தான் கூடும். இதற்கு அதே பம்பாய் நாணயச் சாலை இன்னொரு சாட்சி தருகிறது. ஆஸ்திரியாவின் மரியா தெரசா 1780-இல் இறந்தார். முக்காடிட்ட அவரது முதிய முகம் பொறித்த தாலர் நாணயத்தைத்தான் செங்கடல் நாடுகளின் வணிகர்கள் நம்பினார்கள். அதனால் 1940-41-இல் 1780 என்ற ஆண்டோடே அதை பம்பாயில் அச்சிட்டார்கள். இளமையோ முதுமையோ, வாங்குகிறவர் பழகிய முகமே செல்லுபடியாகும்.

விக்டோரியா சிலையின் கதை வேறு. பரோடா மன்னர் காண்டேராவ் கெய்க்வாட் கொடையில் மேத்யூ நோபிள் செதுக்கிய பளிங்கு அரசி 1872-இல் பம்பாயில் அரியணை ஏறினார். 1896-இல் புரட்சியாளர் தாமோதர் சாபேகர் அதன்மீது தார் பூசினார். மறு ஆண்டு, வைர விழா இரவில், புனேயில் பிளேக் அதிகாரி ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். அவர்கள் எதிர்த்தது லண்டனில் இருந்த எழுபது வயது கடந்த மூதாட்டியை அல்ல. மூப்பும் சாவும் அற்றதாகத் தன்னைக் காட்டிக்கொண்ட அதிகாரத்தை. தார் பட்ட அன்றே அந்தப் பளிங்குக்கும் வயது தொடங்கிவிட்டது. சிலை இன்று பைகுல்லாவில், பாவு தாஜி லாட் அருங்காட்சியகத் தோட்டத்தில் இருக்கிறது.

சிலை மட்டுமல்ல, அரசியின் பெயரும் இடம்பெயர்ந்தது. மாட்டுங்காவில் தமிழ்ப் பிள்ளைகள் பலர் படித்த வி.ஜே.டி.ஐ. 1887-இல் பொன்விழா நினைவாக ‘விக்டோரியா ஜூபிலி’ என்ற பெயரோடு பிறந்தது. 1997-இல் சிவாஜியின் தாய் ஜீஜாபாய் பெயரை ஏற்றது. முந்தைய ஆண்டே வி.டி. எனப்பட்ட விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்துக்குச் சிவாஜியின் பெயர் வந்துவிட்டது.

மீண்டும் நாணயத்துக்கு வருவோம். விக்டோரியாவுக்கு அடுத்து வந்த ஏழாம் எட்வர்டு, 1903 ரூபாயில் கிரீடமின்றி, முடி குறைந்த தலையோடு தோன்றினார். மூத்த அரசரை மூத்தவராகவே காட்டியும் ரூபாய் செல்லத்தான் செய்தது. ஆக, விக்டோரியாவின் நிலைத்த முகம் நாணயத்தின் கட்டாயம் மட்டுமல்ல, ஆட்சியாளர்களின் தேர்வும்கூட. வயதான அரசரின் உருவத்தைப் படிக்கும்போது செங்கோலையும் கிரீடத்தையும் பட்டியலிட்டால் போதாது. எந்த வயதில் அந்த முகத்தை நிறுத்தினார்கள், யார் கண்ணுக்காக நிறுத்தினார்கள் என்று கேட்க வேண்டும். நம் பாட்டிமார் பெட்டியில் பூட்டிவைத்த விக்டோரியா வெள்ளிக்காசையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.