ஒரு உழவு மழை

போன ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தபோது, எட்டாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகளுக்கு ஆங்கிலப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். பாடம் சுற்றுச்சூழல். பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சொற்பட்டியல்: ட்ராட், பொல்யூஷன், டிஃபாரஸ்டேஷன், பயோடைவர்சிட்டி, இன்வேசிவ் ஸ்பீஷீஸ். ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் பொருள். எழுத்துக்கூட்டி, தப்பில்லாமல் ஒப்பித்தாள்.

முந்தின ராத்திரி மழை பெய்திருந்தது. “எவ்வளவு மழைன்னு இங்கிலீஷ்ல சொல்லு பாப்போம்” என்றேன்.

“தாத்தா ஒரு உழவு மழைன்னு சொன்னாக. அதுக்கு இங்கிலீஷ்ல என்ன சித்தப்பா?”

பத்து வருஷத்துக்கு மேல் ஆங்கிலத்தில் வேலைபார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். எனக்குத் தெரியவில்லை. சமாளிக்க ‘ஹெவி ரெயின்’ என்றேன். “ஹெவியெல்லாம் இல்லையே” என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. மழைமானியின் மில்லிமீட்டர் விழுந்த தண்ணீரைச் சொல்லும். உழவு மழை, அந்தத் தண்ணீர் மண்ணை என்ன செய்தது என்பதைச் சொல்லும்: ஒரு தடவை ஏர் ஓட்டுகிற பதத்துக்கு நனைந்திருக்கிறது என்று அர்த்தம். கோவில்பட்டிப் பக்கம் இது பெரிய விஷயம். கரிசலில் இருக்கும் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் தண்ணீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் காட்டில், முதல் மழை வெடிப்புக்குள்தான் இறங்கும். மழை கூடினால் மண் காலில் அப்பிக்கொண்டு ஆளையே நகரவிடாது. குறைந்தால் கட்டி உடையாது. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் சில நாட்களில்தான் மானாவாரி விவசாயியின் வருஷமே இருக்கிறது. அந்த நாட்களுக்கான அளவுகோல் அந்தச் சொல்.

இப்படிச் சொன்னால், ‘ஆங்கிலம் வந்து மண்ணின் மொழியை அழித்துவிட்டது’ என்ற வழக்கமான புலம்பலுக்குப் போகிறேன் என்று நினைக்கலாம். இல்லை. மண் ஏன் வெடிக்கிறது என்பதை நான் ஆங்கிலத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். என் புகார் பட்டியல் மீது.

பட்டியல் என்ன செய்கிறது? சொல்லோடு சேர்த்துத் தீர்ப்பையும் கொடுத்துவிடுகிறது. அண்ணன் மகளின் வகுப்பில் ஒரு பையன். அவன் அப்பா கரிமூட்டம் போடுகிறவர். கம்மாய்க் கரையில் வேலிக்கருவையை வெட்டி, அடுக்கி, மண் மூடி, கரியாக்கி விற்கிறார். ‘டிஃபாரஸ்டேஷன்’ பக்கத்தில் கோடாலியோடு ஒருவர் படம் இருக்கிறது. அந்தச் சொல்படி அந்த அப்பா வில்லன். இரண்டு சொல் தள்ளி ‘இன்வேசிவ் ஸ்பீஷீஸ்’. வேலிக்கருவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கே பரவிய மரம் என்பதால், இந்தச் சொல்படி அதே கோடாலி நாட்டைக் காப்பாற்றுகிறது. அவர் கூலியைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. பையன் இரண்டையும் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிடுவான். வீட்டில் போய் எதைச் சொல்வான்?

நானும் அப்படி வளர்ந்தவன்தான். ‘ரேகர் சாயில்’ என்று பத்தாம் வகுப்பில் நெட்டுருப்போட்டேன், ஏதோ ஐரோப்பியப் பெயர் என்ற நினைப்பில். அது தெலுங்கின் ‘ரேகடி’யோடு தொடர்புபடுத்தப்படும் சொல் என்பது முப்பது வயதுக்குமேல் தெரிந்தது. பக்கத்து வீட்டு அவ்வா நாள் முழுக்கப் பேசிய மொழி அது. பரீட்சைக்குப் படித்த சொல்லை அவரிடம் ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

இதற்கு மாற்று கி.ரா. என்று சொல்லத் தோன்றும். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில், தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்து, தமிழில் கரிசலை எழுதிய கி. ராஜநாராயணன் 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய வேலையை, பள்ளிப்படிப்பை முடிக்காத ஒரு சம்சாரி செய்தார். அந்த நூலின் மீது எனக்குள்ள மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வகுப்பறைக்கு அது அப்படியே உதவாது. அது அகராதி, சொல் தெரிந்து பொருள் தெரியாதவருக்கான கதவு. நம் பிள்ளைகளுக்கு நிலைமை தலைகீழ். காலில் அப்பிய மண் இருக்கிறது, சொல் வாயில் இல்லை. எங்கள் தொழில் பாஷையில், தரவு இருக்கிறது, இன்டெக்ஸ் தப்பு. மழை, மண், காற்று என்று பிரித்து, பக்கத்திலேயே ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியத்தோடு, ஒற்றைச் சொல்லாக இல்லாமல், யாராவது அதை மறுபடி அடுக்க வேண்டும்.

ஆங்கிலேயர்களுக்கும் இந்த வலி உண்டு. 2007இல் ஆக்ஸ்ஃபோர்டு ஜூனியர் அகராதி ஏகார்ன், ப்ளூபெல், கிங்ஃபிஷர் போன்ற இயற்கைச் சொற்களை எடுத்துவிட்டு பிளாக், பிராட்பேண்ட் என்று சேர்த்தது. 2015இல் மார்கரெட் அட்வுட் உள்ளிட்ட எழுத்தாளர்கள் கண்டித்துக் கடிதம் எழுதினார்கள். அதே வருஷம் ராபர்ட் மேக்ஃபார்லன் பிரிட்டனின் நிலச் சொற்களைத் திரட்டி ‘லேண்ட்மார்க்ஸ்’ எழுதினார். அழகான புத்தகம், கொஞ்சம் அருங்காட்சியக வாசனையும் உண்டு. அங்கே பாதிச் சொற்களைச் சொல்ல ஆளில்லை. இங்கே சொல்கிறவர் திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டு இருக்கிறார், அவர் சொல்லுக்கு மார்க் இல்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு நானும் அவளும் அரைமணி நேரம் மல்லுக்கட்டி நோட்டு ஓரத்தில் ஒரு வாக்கியம் எழுதினோம்: ‘இட் ரெயின்ட் ஜஸ்ட் இனஃப் டு ப்ளவ் ஒன்ஸ்.’ அவள் அதைச் சத்தமாக வாசித்து, திண்ணையிலிருந்த பெரியப்பாவுக்குத் தமிழில் சொன்னாள்.

“அது ராத்திரி சத்தத்தக் கேட்டுச் சொன்னது” என்றார் அவர். “காலையில போயிப் பாத்தேன். மேக்காட்டுல அர உழவுகூடத் தேறாது. மாத்தி எழுது.”

அவள் ரப்பரைத் தேட ஆரம்பித்தாள்.